லோ கேட்ச் புடிச்சா என்ன பண்ணணும், எப்படி அப்பீல் பண்ணணும், எப்ப வாபஸ் வாங்கணும்

தரையோட தரையா வர்ற பந்த பாஞ்சு புடிச்சிட்டு எந்திரிக்கும்போது, அது நேரா விரலுக்குள்ள வந்துச்சா இல்ல புல்லுல பட்டு வந்துச்சான்னு முதல்ல தெரியுறது அந்தக் கைக்குத்தான். அம்பயருக்கு அதுக்கப்புறம்தான், கேமராவுக்கு இன்னும் அப்புறம்தான். சில சமயம் கைக்கே தெரியாது, அதுவும் ஒரு பதில்தான். ஃபேர் கேட்ச், அப்பீல், ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்னு நாம மணிக்கணக்கா சண்ட போடுற விஷயமெல்லாம் கடைசில இந்த எடத்துல வந்துதான் நிக்கும், நமக்கு என்ன தெரியுமோ அத கத்துறதுக்கு முன்னாடி யோசிக்கிறோமா இல்லையா. ஏன்னா கத்தி முடிச்சு, பத்து பேரும் ஓடி வந்து கட்டிப்புடிச்சு, பவுலர் பாதி கிரவுண்ட் சுத்தினதுக்கு அப்புறம் "எனக்கு கொஞ்சம் டவுட்டா இருக்கு"ன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. லீக் மேட்ச், காலேஜ் டீம், கம்பெனி டோர்னமென்ட் ஆடுறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். உதாரணம் எல்லாம் இன்டர்நேஷனல் மேட்ச்ல இருந்து எடுத்துக்கிறேன், எல்லாரும் பாத்த மேட்ச்சா இருந்தா புரிய வைக்கிறது சுலபம்.

எது கேட்ச், எது இல்ல

சட்டப் புத்தகத்துல 33வது சட்டம். பந்து பேட்லயோ பேட்ட புடிச்ச கிளவ்ஸ்லயோ பட்டு, தரைய தொடுறதுக்கு முன்னாடி ஃபீல்டர் கைக்கு வரணும். ஆனா கைக்கு வந்ததோட முடியல. பந்து உடம்புல பட்ட நிமிஷத்துல கேட்ச் ஆரம்பிக்குது, பந்தும் உங்க உடம்போட ஓட்டமும் ரெண்டும் முழுசா உங்க கண்ட்ரோலுக்கு வந்தாதான் கேட்ச் முடியுது. இந்த "உடம்போட ஓட்டம்"ங்கிற பகுதியத்தான் நெறைய பேர் மறந்துடுறாங்க. 2023 ஆஷஸ் லார்ட்ஸ் டெஸ்ட்ல கேமரூன் கிரீன் பவுன்சர பென் டக்கெட் தூக்கி அடிச்சு, மிட்செல் ஸ்டார்க் ஓடிப் போய் புடிச்சாரு, பந்து கைல கெட்டியாத்தான் இருந்துச்சு. ஆனா சறுக்கிட்டே போகும்போது அந்தப் பந்தையே தரைல ஊனிட்டாரு. டக்கெட் பெவிலியன் பக்கம் நடக்கவே ஆரம்பிச்சிட்டாரு, தேர்ட் அம்பயர் மரைஸ் எராஸ்மஸ் நாட் அவுட்னு திரும்பக் கூப்பிட்டாரு. ஆஸ்திரேலியாக்காரங்க கொதிச்சாங்க, ஆனா சட்டப்படி அதுதான் சரி. ஸ்டார்க் அப்ப இன்னும் சறுக்கிட்டுதான் இருந்தாரு, கேட்ச் முடியவே இல்ல.

இதுல இருந்து பிராக்டிஸ்ல செய்யவேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. டைவ் அடிச்சு புடிக்கும்போது பந்து இருக்கிற கைய மேல தூக்கி வச்சுக்கிட்டு முழங்கையிலயும் தோள்லயும் விழப் பழகுங்க. எந்திரிக்கிறதுக்கு பந்து புடிச்ச கைய ஊனாதீங்க, காலி கைய ஊனுங்க. சின்ன விஷயம்தான், ஆனா ஒரு விக்கெட்டு இதுல போகும்.

அதே சமயம், பந்து புடிச்ச கையோட பின்பக்கம் தரைய தொட்டா ஒண்ணும் தப்பில்ல, சட்டமே அத ஒத்துக்குது. பந்துக்கு அடியில விரல் இருக்கணும், அவ்வளவுதான். டிவில பாக்கும்போது நாம ஏமாறுறது இங்கதான். தூரத்துல இருந்து ஜூம் பண்ற கேமரா ஆழத்த காட்டாது, விரலும் புல்லும் பந்தும் ஒரே தட்டையா தெரியும், அதனால சுத்தமா புடிச்ச கேட்ச் கூட ஸ்லோ மோஷன்ல தரை தட்டின மாதிரியே இருக்கும். 2023 ஓவல்ல நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல, 444 ரன் துரத்துறப்போ சுப்மன் கில் 18ல இருந்தாரு, போலண்ட் பந்துல எட்ஜ் (பேட் ஓரத்துல பட்டுச்சு), கேமரூன் கிரீன் இடது பக்கம் பாஞ்சு ஒத்தக் கைல புடிச்சாரு. அவுட்னு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நம்ம ஊரு வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே ஒரு ஃபிரேம்தான் சுத்துச்சு. ஒரு ஃபிரேம வச்சு யாரையும் ஏமாத்துக்காரன்னு சொல்லாதீங்க, அந்த ஃபிரேமுக்கு முன்னாடி விரல் எங்க இருந்துச்சு, பின்னாடி எங்க இருந்துச்சுன்னு பாத்தாதான் ஏதாவது சொல்ல முடியும். கில் அவரே சோஷியல் மீடியால அத போட்டதுக்கு மேட்ச் ஃபீஸ்ல 15 சதவீதம் ஃபைன் கட்டினாரு.

முன்னாடி ஃபீல்டு அம்பயர் தேர்ட் அம்பயர்கிட்ட அனுப்பும்போது "சாஃப்ட் சிக்னல்"னு ஒண்ணு கொடுக்கணும், அவுட்டா இல்லையான்னு ஒரு உத்தேசம், ரிப்ளேல தெளிவா தெரியலன்னா அதுவே நின்னுடும். 2023 ஜூன்ல இருந்து அது கிடையாது. அறுபது எழுபது கஜம் தள்ளி நடந்த கேட்ச்சுக்கு அம்பயர் உத்தேசம் சொல்லியே ஆகணும்ங்கிறது நியாயமே இல்லாம இருந்துச்சு, எடுத்தது ரொம்ப நல்லது.

பவுண்டரி கயித்துக்கிட்ட புடிக்கிற கேட்ச் தனி கதை. பந்து கைல இருக்கும்போது காலோ உடம்போ கயித்த தொட்டா சிக்ஸ். மேல தட்டிவிட்டுட்டு வெளிய போய் திரும்ப உள்ள வந்து புடிக்கலாம், 2024 டி20 உலகக்கோப்பை ஃபைனல் கடைசி ஓவர்ல மில்லர் கேட்ச்ச சூர்யகுமார் அப்படித்தான் புடிச்சாரு. ஆனா வெளிய நின்னு எகிறி எகிறி அந்தரத்துலயே தட்டிட்டு வர்றதுக்கு இப்ப கட்டுப்பாடு வந்துடுச்சு. 2025ல வந்த மாத்தப்படி கயித்துக்கு வெளிய இருந்து எகிறினா ஒரே ஒரு தடவதான் பந்த தொடலாம், அப்புறம் உள்ளதான் வந்து இறங்கணும். பழைய வீடியோ பாத்து பழகினவங்க இத கவனிங்க.

புடிச்ச உடனே

இதுதான் முக்கியமான பகுதி. லோ கேட்ச் புடிச்சா உடனே பந்த மேல தூக்கி எறியாதீங்க. முழுசா நில்லுங்க, ஒரு மூச்சு விடுங்க, உங்களையே கேளுங்க. மூணு பதில்தான் இருக்கும்.

சுத்தமா வந்துச்சுன்னு நிச்சயமா தெரியும்னா கேளுங்க, தைரியமா கேளுங்க. தரை தட்டிடுச்சுன்னு தெரிஞ்சா பந்த பவுலர்கிட்ட போட்டுட்டு கைய ஆட்டி "இல்ல"ன்னு காட்டுங்க, பக்கத்து ஸ்லிப்ல இருக்கவன் அதுக்குள்ள கத்த ஆரம்பிச்சிருந்தாலும் பரவால்ல, நீங்க நிறுத்துங்க. தெரியலன்னா "தெரியல, செக் பண்ணுங்க"ன்னு அம்பயர் காதுல விழுற மாதிரி சொல்லுங்க. அந்த மூணாவது பதில சொல்ல வெக்கப்பட ஒண்ணுமில்ல, கண்ண மூடிட்டு பாயுற கேட்ச்ல யாருக்கும் நூத்துக்கு நூறு தெரியாது.

2019 உலகக்கோப்பை ஃபைனல், ஸ்டோக்ஸ் அடிச்சத போல்ட் பவுண்டரில புடிச்சாரு, புடிச்ச வேகத்துல கயித்த மிதிச்சிட்டாரு, பந்த பக்கத்துல இருந்த கப்டில்கிட்ட போட்டாரு. உலகக்கோப்பை கையில வர்ற நேரம். கப்டில் அம்பயருக்காக காத்திருக்காம அவரே ரெண்டு கையையும் தூக்கி சிக்ஸ்னு காட்டினாரு. ரிப்ளேல எப்படியும் தெரிஞ்சிருக்கும்னு சிலர் சொல்லுவாங்க, இருக்கலாம், ஆனா அவரு அத கணக்கு போட்டு பண்ணல, பாத்தாரு, சொன்னாரு. சின்னப் பசங்களுக்கு கோச்சிங்ல போட்டுக் காட்ட இத விட நல்ல கிளிப் எனக்குத் தெரியாது.

இதுக்கு நேர் எதிரா ரெண்டு பேர், ரெண்டு பேருமே கீப்பர். 2003 முல்தான் டெஸ்ட்ல பாகிஸ்தான் கேப்டன் ரஷீத் லத்தீஃப், பங்களாதேஷோட அலோக் கபாலி எட்ஜ விட்டுட்டு, கீழ இருந்து எடுத்து கேட்ச்னு கேட்டாரு. அந்த டெஸ்ட்ட பாகிஸ்தான் ஒரே ஒரு விக்கெட்டுலதான் ஜெயிச்சது, அப்ப அந்த ஒரு விக்கெட்டுக்கு என்ன விலைன்னு யோசிச்சுப் பாருங்க. மேட்ச் ரெஃப்ரி மைக் ப்ராக்டர் அவருக்கு அஞ்சு ஒன்டே தடை போட்டாரு. 2013 சாம்பியன்ஸ் டிராஃபில வெஸ்ட் இண்டீஸ் கீப்பர் தினேஷ் ராம்தின், பாகிஸ்தானோட மிஸ்பா கேட்ச்ச புடிச்சு உருளும்போது பந்து நழுவிடுச்சு, ஆனா அப்பீல் நடந்துச்சு, ரிப்ளேல மாட்டுச்சு. ரெண்டு ஒன்டே தடை, மேட்ச் ஃபீஸ் முழுசும் ஃபைன். கீப்பருக்கு இது எப்பவும் பெரிய சோதனை, ஏன்னா பேட்ஸ்மேன் முதுகு காட்டிட்டு நிப்பாரு, பவுலர்கிட்ட இருந்து பாத்தா கிளவ்ஸ்தான் தெரியும், பந்து எங்க போச்சுன்னு கீப்பருக்கு மட்டும்தான் தெரியும். கீப்பர தேர்ந்தெடுக்கும்போது கை எப்படின்னு பாக்குற அளவுக்கு அந்த ஆள் வாய் எப்படின்னும் பாருங்க.

சரி, ஃபீல்டர் சொல்றத அப்படியே நம்பலாமேன்னு ரெண்டு கேப்டனும் முன்னாடியே பேசி வச்சுக்கலாமா? இந்திய கேப்டன் கும்ப்ளேயும் ஆஸ்திரேலிய கேப்டன் பான்டிங்கும் 2007-08 சீரிஸ்ல அப்படித்தான் ஒத்துக்கிட்டாங்க. சிட்னி டெஸ்ட்ல அது உடைஞ்சது. கங்குலி எட்ஜ ஸ்லிப்ல கிளார்க் தாழ்வா புடிச்சாரு, அம்பயர் மார்க் பென்சன் பான்டிங்க கேட்டாரு, பான்டிங் விரல தூக்கினாரு, அவுட். அந்த மேட்ச்ல ஏற்கெனவே சைமண்ட்ஸ் எட்ஜ் கொடுக்கப்படாம போயிருந்துச்சு, அதனால நம்பிக்கைங்கிறது யாருகிட்டயும் மிச்சம் இல்ல. அதோட அந்த ஒப்பந்தமும் போச்சு. நான் சொல்றது என்னன்னா, லோக்கல் மேட்ச்ல கேமரா கிடையாது, அதனால அப்படி ஒரு ஒப்பந்தம் உங்களுக்குத்தான் அவசியமா வேணும். ஆனா டாஸுக்கு முன்னாடி ரெண்டு டீமும் அம்பயரும் சேர்ந்து நின்னு பேசுங்க, ரெண்டு விஷயத்த தெளிவா வைங்க: புடிச்ச ஆள் மட்டும்தான் சொல்லணும், அவன் கேப்டன் சொல்லக் கூடாது, "தெரியல"ன்னா நாட் அவுட். விரல தூக்குறது எப்பவும் அம்பயர் மட்டும்தான்.

அப்பீல் பண்றது

31வது சட்டம், யாரும் கேக்கலன்னா அம்பயர் அவுட் கொடுக்க முடியாது. அதனால அப்பீல் பண்றது மரியாதைக் குறைவெல்லாம் இல்ல, அது இல்லாம ஆட்டமே நகராது. "ஹவ்ஸ் தட்"னு ஒரு தடவ கேட்டா எல்லா வகை அவுட்டுக்கும் சேர்த்துக் கேட்ட மாதிரி. அடுத்த பந்துக்கு பவுலர் ஓட ஆரம்பிக்கிறதுக்குள்ள கேட்டிருக்கணும். ஓவர் முடிஞ்சுடுச்சேன்னு விட்டுடாதீங்க, அடுத்த ஓவர் முதல் பந்துக்கு முன்னாடி கேக்கலாம், ஆனா லஞ்ச், டீக்கு அம்பயர் "டைம்" சொல்லிட்டா முடிஞ்சது.

ஸ்டம்பிங், ஹிட் விக்கெட், கீப்பர் பக்கத்து ரன் அவுட்டுக்கு ஸ்கொயர் லெக் அம்பயர பாத்து கேளுங்க, மத்ததுக்கு பவுலர் பக்கத்து அம்பயர். ரொம்ப பேர் இது தெரியாம எல்லாத்துக்கும் பவுலர் பக்கமே திரும்பி கத்துறாங்க.

எப்படி கேக்கணும்? அம்பயர் முகத்த பாத்து, நின்ன எடத்துல இருந்தே, ஒரு தடவ சத்தமா. அவரு தலைய ஆட்டிட்டா அதோட விட்டுடணும். அவர நோக்கி ஓடக்கூடாது, ரெண்டாவது ரவுண்டு கத்தக்கூடாது, "என்ன சார், அவ்ளோ பெரிய சத்தம் கேட்டுச்சே"ன்னு பேச்சு வளக்கக்கூடாது. 2019 உலகக்கோப்பைல ஆப்கானிஸ்தான் மேட்ச்ல கோலி எல்பிடபிள்யூ கேட்டு அலீம் தார் பக்கம் போனதுக்கு 25 சதவீதம் ஃபைன் வாங்கினாரு. கிரிக்கெட் சட்டத்த எழுதுற எம்சிசி கிளப்போட சட்டத்துலயே அதிகமா அப்பீல் பண்றதும், அம்பயர் மேல பாயுற மாதிரி போறதும் லெவல் ஒன் குத்தம், முதல் தடவ வார்னிங், திரும்பப் பண்ணா எதிர் டீமுக்கு அஞ்சு ரன். நம்ம ஊரு லீக்ல இந்த அஞ்சு ரன்ன யாரும் கொடுக்குறதில்ல, கொடுக்க ஆரம்பிச்சா பாதி பிரச்சன போயிடும்.

2001ல போர்ட் எலிசபெத்ல மேட்ச் ரெஃப்ரி மைக் டென்னஸ் இந்திய வீரர்கள் பல பேருக்கு ஒரே நேரத்துல தண்டனை கொடுத்து, சேவாக்குக்கு ஓவர் அப்பீலுக்காக ஒரு டெஸ்ட் தடை போட்டு, அது ரெண்டு போர்டுக்கும் ஐசிசிக்கும் நடுவுல பெரிய சண்டையாகி, செஞ்சூரியன் மேட்ச்சே அதிகாரப்பூர்வ டெஸ்ட் இல்லன்னு ஆகிப்போச்சு. அந்த தண்டனை எல்லாருக்கும் ஒரே அளவா கொடுக்கப்படுதாங்கிற கோவம் நியாயமான கோவம். ஆனா ஷார்ட் லெக்ல சும்மா நிக்கிறவன் பேட்லயோ கால் பேடுலயோ பட்டு வர்ற ஒவ்வொரு பந்துக்கும் கத்தலாம்னு அதுக்கு அர்த்தம் ஆகாது.

இன்னொரு பழக்கம், அம்பயர பாக்காமலே கொண்டாட ஆரம்பிச்சிடுறது. ஸ்டூவர்ட் பிராட் இதுக்கு பேர் போனவரு. பாக்க நல்லா இருக்கும், ஆனா நீங்க செய்யாதீங்க. கேக்கவே இல்லன்னா அம்பயர் கொடுக்க முடியாது, அவர அவமதிச்ச மாதிரியும் இருக்கும்.

யாரு கேக்கணும்ங்கிறதும் இருக்கு. எல்பிடபிள்யூ லைன் தெரியுறது பவுலருக்கும் கீப்பருக்கும், நேரா நிக்கிற ஒன்னு ரெண்டு பேருக்கும்தான். தேர்ட் மேன்ல இருந்து கத்துறவனுக்கு எதுவும் தெரியாது, அம்பயருக்கும் அது தெரியும், அதனால அந்தக் கத்தல் உங்க நல்ல அப்பீலோட மதிப்பையும் சேர்த்துக் குறைக்கும். எட்ஜ் இல்லன்னு தெரிஞ்சும் கீப்பர் கேக்குறது இருக்கே, அது சுத்தப் பொய்தான், வேற பேரு வைக்க முடியாது. டிஆர்எஸ் (அம்பயர் முடிவ ரிப்ளேல பாக்கச் சொல்லி டீம் ரிவ்யூ கேக்குற முறை) இருக்கிற மேட்ச்ல ஸ்டம்பிங் கேட்டு, அந்த சாக்குல எட்ஜையும் ஓசியா செக் பண்ணிக்கிற வழி ஒண்ணு இருந்துச்சு, இப்ப ஸ்டம்பிங்குக்கு அனுப்பினா ஸ்டம்பிங் மட்டும்தான் பாப்பாங்க, எட்ஜ் வேணும்னா சொந்த ரிவ்யூ எடுக்கணும்.

பேட்ஸ்மேன் நடக்கணுமா

2003 உலகக்கோப்பை செமிஃபைனல்ல ஸ்ரீலங்காவுக்கு எதிரா கில்கிறிஸ்ட் அம்பயர் அவுட் கொடுக்காமலே நடந்து போனாரு. 2013 டிரென்ட் பிரிட்ஜ்ல பிராட் ஸ்லிப் வரைக்கும் போன எட்ஜுக்கு நகரவே இல்ல, ஆஸ்திரேலியாகிட்ட ரிவ்யூ தீர்ந்து போயிருந்துச்சு, கடைசில 14 ரன்ல தோத்தாங்க. நிக்கிறது பேட்ஸ்மேனோட உரிமை, அம்பயர் வேலை அம்பயருக்குன்னு நிக்கலாம், நான் அத குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நின்னுட்டு, அடுத்த ஓவர்ல உங்களுக்கு தப்பா அவுட் கொடுத்தா அப்பவும் வாயத் திறக்காம போகணும். எட்ஜ் பட்டதுக்கு கால் பேடுல பட்ட மாதிரி தடவிக் காட்டுறது, தோள்பட்டைய தேய்க்கிறது இதெல்லாம் நிக்கிறதுல சேராது, நடிப்பு.

கேப்டனுக்கு: வாபஸ் வாங்குறது

சட்டம் அவுட்னு சொல்லும், ஆனா மனசு உறுத்தும், அந்த எடத்துலதான் கேப்டன் வேலை. 1980 மும்பை ஜூபிலி டெஸ்ட்ல பாப் டெய்லருக்கு கேட்ச் பிஹைண்ட் கொடுத்தாச்சு, பந்து பேட்ல படலன்னு நெனச்ச கேப்டன் விஸ்வநாத் திரும்பக் கூப்பிட்டாரு. டெய்லர் போத்தம் கூட நின்னு பெரிய பார்ட்னர்ஷிப் போட்டாரு, இந்தியா தோத்துச்சு. தோத்ததும் தெரிஞ்சு இன்னிக்கும் அத மரியாதையோடதான் பேசுறோம்.

2011 டிரென்ட் பிரிட்ஜ், டீக்கு முந்தின கடைசி பந்து. மார்கன் அடிச்சது ஃபோர்னு நெனச்சு இயன் பெல் 137ல கிரீஸ விட்டு நடந்துட்டாரு, பந்து பவுண்டரி போகல, அபினவ் முகுந்த் பெய்ல்ஸ தட்டிட்டாரு. சட்டப்படி அவுட். டீ நேரத்துல இங்கிலாந்து கேப்டன் ஸ்ட்ராஸும் கோச் ஆண்டி ஃபிளவரும் வந்து கேட்டாங்க, தோனி வாபஸ் வாங்கினாரு. 2006 கிறைஸ்ட்சர்ச்ல இப்படி வாபஸ் நடக்கல. சங்கக்கார சதம் அடிச்சதும் முரளிதரன் வாழ்த்து சொல்ல கிரீஸ விட்டுப் போனாரு, நியூசிலாந்து கீப்பர் மெக்கல்லம் பெய்ல்ஸ எடுத்துட்டாரு. பத்து வருஷம் கழிச்சு 2016ல, லார்ட்ஸ்ல நடந்த கவுட்ரி லெக்சர்ல மெக்கல்லமே முரளிகிட்டயும் சங்கக்காரகிட்டயும் மன்னிப்பு கேட்டாரு.

முடிவு எடுக்க நான் கேக்குற கேள்வி இது: அந்த பேட்ஸ்மேன் ஏதாவது லாபம் பாத்தாரா? முரளி ஒரு ரன்னுக்காகப் போகல, பெல்லும் போகல. அப்ப விட்டுடலாம். நான் ஸ்ட்ரைக்கர் (பவுலர் பக்கம் நிக்கிற பேட்ஸ்மேன்) பந்து போடுறதுக்கு முன்னாடியே ரெண்டடி வெளிய போறது லாபம் பாக்குறது, அத ரன் அவுட் ஆக்குறதுல எந்தப் பாவமும் இல்ல. 2012ல பிரிஸ்பேன்ல அஸ்வின் திரிமன்னவ அப்படி எடுத்தப்போ, அன்னிக்கு கேப்டனா இருந்த சேவாக் சச்சின்கிட்ட பேசிட்டு அப்பீல வாபஸ் வாங்கினாரு. எனக்கு இன்னிக்கும் அது ஒப்பல, அஸ்வின் பண்ணது சரி. 2022ல தீப்தி சர்மா லார்ட்ஸ்ல சார்லி டீன எடுத்தப்போ ஹர்மன்பிரீத் பின்வாங்கல. அதே வருஷம் எம்சிசியும் அத "நியாயமில்லாத ஆட்டம்"ங்கிற 41வது சட்டத்துல இருந்து தூக்கி சாதாரண ரன் அவுட் சட்டமான 38க்கு மாத்திடுச்சு.

நடுவுல கஷ்டமான கேஸ் இருக்கு. 2023 லார்ட்ஸ்ல பேர்ஸ்டோ பவுன்சருக்கு குனிஞ்சுட்டு கிரீஸ விட்டு நடந்தாரு, ஆஸ்திரேலிய கீப்பர் கேரி பந்து வந்த உடனே நிக்காம ஸ்டம்ப பாத்து எறிஞ்சாரு. அவரு காத்திருந்து திருட்டுத்தனமா பண்ணிருந்தா வேற விஷயம், உடனே எறிஞ்சதால நான் அவுட் பக்கம்தான். அதே வருஷம் டெல்லில ஸ்ரீலங்காவோட மேத்யூஸ் ஹெல்மெட் வார் அறுந்து லேட்டானதுக்கு பங்களாதேஷ் கேப்டன் ஷகிப் டைம்டு அவுட் (நேரத்துக்குள்ள ஆட ரெடியாகாததுக்கு அவுட்) கேட்டாரு, அம்பயர் கேட்டும் வாபஸ் வாங்கல. மேத்யூஸுக்கு அதுல என்ன லாபம்? அங்க விட்டிருக்கணும்.

எப்படி வாபஸ் வாங்குறது: கேப்டன் மட்டும்தான் வாங்க முடியும், பவுலர் "வேணாம் சார்"ன்னா செல்லாது. எந்தப் பக்கத்து அம்பயர்கிட்ட அப்பீல் போச்சோ அவருகிட்ட போய் கேக்கணும், அவரு சம்மதிக்கணும். அடுத்த பந்து ஆட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி கேக்கணும், இன்னிங்ஸ் முடிஞ்சிருந்தா அம்பயருங்க கிரவுண்ட விட்டுப் போறதுக்கு முன்னாடி. அம்பயர்கிட்ட போற வழியில பவுலர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க, அவன் விக்கெட்டு அது, எதிர் டீம் பேட்ஸ்மேன் திரும்பி வர்றத பாத்து அவன் தெரிஞ்சுக்கக் கூடாது.